லைன் வீட்டுப் பிள்ளைகளின் சனிக்கிழமைக் கூடுகை: நம்பிக்கை தளர்ந்தவன் வேதக் கதை சொல்லலாமா?

கோத்தகிரிச் சரிவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சபைக்குள் கேட்டால் ஆளுக்கொரு விதமாகப் பேசப்படும் என்று தயங்கி, சில மாதங்களாக மனத்தில் வைத்திருக்கும் கேள்வியை இங்கே கேட்கிறேன்.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து, தாயகம் திரும்பியோருக்கென்று தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பாட்டி காலத்திலிருந்தே நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர். நான் திடப்படுத்தல் பெற்று, சபையின் முழு உறுப்பினன் ஆனவன். ஓய்வுநாள் பள்ளி எனப்படும் ஞாயிறு வேத வகுப்பில் மனப்பாட வசனப் போட்டிகளில் பரிசு வாங்கியவன். பிறகு படிப்புக்குக் கோயம்புத்தூர், வேலைக்குத் திருப்பூர் என்று மலையிறங்கிய ஆண்டுகளில், யாரோடும் சண்டையிடாமல், எதையும் மறுக்காமல், ஜெபிப்பது மெல்ல நின்றுபோயிற்று. அப்பாவின் உடல்நிலை காரணமாக இப்போது ஊரோடு இருக்கிறேன்.

எங்கள் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு பெரியம்மா சனிக்கிழமை மாலைகளில் தம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்திருக்கிறார். இரண்டு பாட்டு, ஒரு வேதக் கதை, ஒரு மனப்பாட வசனம், பிறகு வீட்டுப்பாடம், கடைசியில் தேநீரும் வர்க்கி பிஸ்கட்டும் என்பதே அந்தக் கூடுகையின் முழு நிகழ்ச்சி நிரல். கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னை அழைத்தார். பின்னங்களும் வகுத்தலும் சொல்லிக்கொடுக்கத்தான் போனேன். ஆனால், பாட்டு வேளையில் அந்தப் பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடுவதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்குள் நெடுநாளாக அசையாதிருந்த ஏதோ ஒன்று அசைகிறது. வீடு திரும்பும் வழியில் என்னை அறியாமலே பழைய பாமாலைப் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு வருகிறேன்.

முழங்கால் வலியால் முன்போல் இயலவில்லை என்று சொல்லி, கதை சொல்லும் பொறுப்பையும் என்னிடமே ஒப்படைக்கப் பெரியம்மா இப்போது விரும்புகிறார். என் குழப்பங்கள் மூன்று. முதலாவது, நான் முழுமையாக நம்புகிறேனா என்று எனக்கே தெரியாதபோது, நம்புகிறவனைப் போலப் பிள்ளைகள் முன் நிற்பது நேர்மையா? இரண்டாவது, வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பெற்றோரை நான் தினமும் பார்க்கிறேன், அவர்களிடம் எதை, எவ்வளவு சொல்லியாக வேண்டும்? மூன்றாவது, பிள்ளைகளோடு இருப்பதில் யாருக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு; அதையே விசுவாசம் திரும்புவதாக நான் எண்ணிக்கொள்கிறேனா?

பொதுவான ஊக்க வார்த்தைகளைக் காட்டிலும், இத்தகைய பணியில் நெடுநாள் இருந்தவர்களின் அனுபவமே எனக்கு உதவும்.

---

சிம்ஸ் பூங்கா ஆசிரியை எழுதியது:

தம்பி, குன்னூரில் ஓய்வுநாள் பள்ளியிலும், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும், தோட்ட லைன்களில் நடந்த மாலைக் கூடுகைகளிலும் என் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் போனேன் என்று ஏதோ பக்கவாசல் வழியாக நுழைந்தவரைப் போல எழுதியிருக்கிறீர்கள். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகை உரிமையாளர் ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கியபோது, வாரம் முழுவதும் ஊசித் தொழிற்சாலைகளில் உழைத்துவிட்டு ஞாயிறன்று தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தருவதே அதன் முதல் வேலையாக இருந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் முன்னோடியும் அப்படித்தான்: 1898-இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் கோடை விடுமுறையில் அலைந்த பிள்ளைகளுக்காக ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஆகவே பின்னங்களும் வகுத்தலும் வேதக் கதைக்கு முன்னால் வைக்கப்பட்ட தூண்டில் அல்ல. அவையும் இந்தப் பணியே.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை, பிள்ளைகளுக்குச் சொல்லும் நோக்கத்தை ஒதுக்கிவிட்டு, உங்களுக்காக ஒருமுறை வாசியுங்கள். இரவில் கர்த்தர் தன்னை அழைக்க, ஏலிதான் அழைத்தார் என்று எண்ணி அவரிடம் ஓடிய சிறுவன் சாமுவேலின் கதையாகவே நாமெல்லோரும் அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு வயது ஏற ஏற அது முதிய ஆசாரியன் ஏலியின் கதையாகத் தெரிகிறது. அவனுக்குக் கண் மங்கிவிட்டது. தன் பிள்ளைகளையே திருத்த முடியாமல் போனவன் அவன். கர்த்தருடைய சத்தம் அன்றிரவு அவன் காதில் விழவே இல்லை. இருந்தும், மூன்றாம் முறை அந்தப் பையன் ஓடிவந்து நின்றபோது, கூப்பிடுகிறவர் யார் என்பதை ஏலிதான் கண்டுகொண்டான். இனி அழைத்தால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அவனே சொல்லிக்கொடுத்தான். தனக்குக் கேட்காத சத்தத்தைப் பிள்ளைக்கு அடையாளம் காட்ட ஒருவனால் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதாகமத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஏலி செய்யாத ஒன்றும் உண்டு: சத்தம் தனக்கும் கேட்டதுபோல அவன் காட்டிக்கொள்ளவில்லை. உங்கள் நேர்மையின் எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது. 'வேதத்தில் இப்படி எழுதியிருக்கிறது, பெரியம்மா இதை நம்புகிறார்கள், நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது உடைந்துபோகாது. நடிப்பைத்தான் பிள்ளைகள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

இனி, கதை சொல்பவருக்கு என்ன நேரும் என்பது பற்றி. மத்தேயு 20-ஆம் அதிகாரத்திலுள்ள திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையை ஒரு தோட்ட லைனில் சொன்னேன். விடியற்காலையில் வந்தவனுக்கும், பொழுது சாயப் பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுத்தான் என்றதும், திண்ணையில் ஒரு சிறு தொழிற்சங்கக் கூட்டமே கூடிவிட்டது. அம்மாக்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்தெடுத்து, எடைபோடும் இடத்தில் கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்ப்பதைத் தினமும் காண்கிற பிள்ளைகள் அல்லவா? கடைசியில் வந்தவர்களுக்கு அரைப் பேர்கூடப் போடக் கூடாது என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். இலங்கையிலிருந்து வந்த வீடுகளில் ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்றே சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வழக்கம்போல, தேவனுடைய கிருபை நம் கணக்குக்குள் அடங்காது என்று விளக்கத் தொடங்கினேன். அப்போது ஓரத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளை, "அவங்க சோம்பேறி இல்ல டீச்சர், அவங்கள யாரும் வேலைக்குக் கூப்பிடல" என்றாள். தொழிற்சாலை மூடப்பட்டு மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்த ஒருவருடைய மகள் அவள்.

அந்த வாக்கியம் வேதாகமத்திலேயே இருக்கிறது. 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்று அந்த வேலையாட்கள் சொல்கிறார்கள். அதை எத்தனையோ தடவை வாசித்தும் ஒருதரமும் நான் நின்று கேட்டதில்லை. அன்றுமுதல் எனக்கு அது தாமதமாக வந்தவனுக்குச் சலுகை கிடைத்த கதை அல்ல. நாள் முழுவதும் சந்தையில் நின்றும் யாரும் அழைக்காத மனிதனைத் தேடி ஒருவர் ஐந்தாம் முறையும் வெளியே வந்த கதை. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. பெரியவர்களின் விசுவாசம் பிள்ளைகளின் நடுவே புதிதாகிறது என்பதன் பொருள் எனக்கு இவ்வளவுதான்: கதையை நாம் அவர்களுக்குச் சொல்கிறோம், அதில் நாம் தவறவிட்ட வரியை அவர்கள் நமக்குச் சொல்கிறார்கள்.

ஒரு சிறு வேண்டுகோளும் உண்டு. கதை முடிந்ததும் 'இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன' என்று கேட்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி வந்தவுடன் பிள்ளைகள் பரீட்சை எழுதும் குரலுக்கு மாறிவிடுவார்கள்; அந்தப் பெண்பிள்ளை வாயே திறந்திருக்க மாட்டாள்.

---

பெருமாள்மலை எழுதியது:

நான் கொடைக்கானல் பக்கத்துக் கத்தோலிக்கன். எங்கள் ஊரில் ஞாயிறுதான் சந்தை நாள்; கேரட்டும் பூண்டும் பீன்ஸும் மூட்டையாகும் அன்று பிள்ளைகளும் பெற்றோரோடு போய்விடுவதால், எங்கள் அன்பியத்தின் (பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சபைக் குழுவின்) சிறார் கூட்டத்தையும் நாங்கள் சனிக்கிழமைக்கே வைத்திருக்கிறோம். அக்கா முதல் கேள்விக்கு எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. மூன்றாம் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

பிள்ளைகளோடு இருக்கும் மகிழ்ச்சியும் நம்பிக்கையும் வேறுவேறு என்று பிரித்துப் பார்க்க நினைக்கிறீர்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்து, கடற்கரை ஊர்களில் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஏதேனும் ஒரு செபத்தைக் கற்றுத்தரும் வரை தம்மைச் சாப்பிடவோ தூங்கவோ குருக்கள் நாள்தோறும் சொல்ல வேண்டிய கட்டளைச் செபத்தைச் சொல்லவோ சிறுவர்கள் விடவில்லை என்றும், விண்ணரசு இத்தகையோரதே என்பது அப்போதுதான் தமக்குப் புரியத் தொடங்கியது என்றும் அவர் கடிதத்தில் எழுதினார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, குருப்பட்டம் பெற்று, கடல் கடந்து வந்த ஒருவருக்கே அந்த வசனம் பிள்ளைகளின் தொந்தரவுக்கு நடுவில்தான் விளங்கியிருக்கிறது. தொந்தரவு என்று நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். உங்கள் பதிவில் மகிழ்ச்சி இருக்கிறது, எரிச்சல் இன்னும் வரவில்லை. அது வரும். ஒரே பாட்டை இருபது முறை கேட்பார்கள். ஒருவன் இன்னொருவன் நோட்டைக் கிழிப்பான். மழை மாதத்தில் நான்கு பேர்தான் வருவார்கள்.

செண்பகனூரில் 1895 முதல் இயேசு சபையினரின் இல்லம் இருப்பதால், அவர்களிடம் தியானம் செய்தவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். எங்களுக்குக் கற்றுத்தரப்பட்டதைச் சொல்கிறேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் உள்ளத்தில் எழும் ஆறுதலையும் வெறுமையையும் கவனிக்கச் சொன்னார். உணர்வு எவ்வளவு பலமாக இருந்தது என்பதைவிட, அது நம்மை எந்தத் திசையில் நகர்த்துகிறது என்பதையே அவர் பார்க்கச் சொன்னார். கூட்டம் முடிந்து பாட்டை முணுமுணுப்பது நல்லதுதான். அதோடு, அந்தப் பிள்ளைகளில் பிடிக்காத பிள்ளையிடமும் உங்களுக்குப் பொறுமை கூடியிருக்கிறதா, வீட்டில் நோயாளியாக இருக்கும் அப்பாவிடம் உங்கள் குரல் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மகிழ்ச்சி திண்ணையிலேயே தங்கிவிட்டால் அது பிள்ளைகளின் கலகலப்பு. உங்களோடு வீட்டுக்குள்ளும் வந்தால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

அவர் சொன்ன இன்னொரு விதி இன்னும் பயன்படும்: வெறுமையான காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதீர்கள். இப்போது மனம் அசைந்திருக்கும் வேளையில், இந்தப் பள்ளி ஆண்டு முடியும் வரை வருவேன் என்பது போல ஒரு காலத்தைப் பெரியம்மாவிடம் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு எதுவும் தோன்றாத சனிக்கிழமைகளிலும் போய் உட்காருங்கள். எனக்கு நம்பிக்கை என்பது, சொல்லிவிட்டோமே என்பதற்காகப் பனியில் நடந்து போன அந்த மாலைகளில்தான் ஊன்றியது. பாடல் வேளையில் கண்கள் ஈரமான மாலைகள் எனக்கும் உண்டு. திரும்பிப் பார்த்தால் அவற்றின் பங்கு குறைவு.

---

கேத்தி பள்ளத்தாக்கு எழுதியது:

நான் கிறித்தவள் அல்ல. படுக சமூகத்தைச் சேர்ந்த ஒரு தாய். இரண்டாம் கேள்வி என்னைப் போன்றவர்களைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன்.

1846-இல் பாசல் மிஷனார் கேத்தியில் வந்து தங்கிய காலம் முதல் எங்கள் ஊர்களுக்குக் கிறித்தவப் போதகர்களைத் தெரியும். அவர்களுடைய பள்ளிகளில் எங்கள் முன்னோர் படித்தார்கள். மதம் மாறிய குடும்பங்களும் உண்டு, அதனால் முறிந்த உறவுகளும் உண்டு, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட உறவுகளும் உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் எங்களுக்கு நன்றியும் எச்சரிக்கையும் ஒருசேர இருக்கின்றன. கிறித்தவர்கள் பலர் முதலாவதை மட்டும் எதிர்பார்த்து வருகிறார்கள். இரண்டாவதைக் கண்டால் மனம் வருந்துகிறார்கள்.

என் மகன் பக்கத்து வீட்டில் நடக்கும் பிள்ளைகள் கூட்டத்துக்குப் போகிறான். அனுப்பச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அந்த வீட்டு அக்கா முதலில் என்னிடம் வந்து, இயேசுவைப் பற்றிய கதைகளைச் சொல்வோம், பாட்டுப் பாடுவோம், ஜெபம் செய்வோம், பிறகு பாடம் சொல்லிக்கொடுப்போம் என்று ஒளிக்காமல் சொன்னதுதான். பாடம் மட்டும் என்று சொல்லிக் கூட்டிப்போய், பிறகு அவன் வீட்டில் வந்து ஜெபம் சொல்லக் கேட்டிருந்தால், அன்றோடு நிறுத்தியிருப்பேன். வேறொரு சமயம், வெளியூரிலிருந்து வந்த ஒரு குழுவினர் பை, பென்சில் பெட்டி எல்லாம் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டில் கும்பிடுவது சாமி அல்ல என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சென்றார்கள். என் மகன் அன்றிரவு, எங்கள் படுகர் தெய்வமான ஹெத்தையம்மன் படத்தின் முன்னால் நிற்கப் பயந்தான். ஏழு வயதுப் பிள்ளையை அவனுடைய பாட்டி கும்பிடும் இடத்தில் பயப்பட வைத்தவர்களை நான் எப்படி மதிப்பது?

அந்த அக்கா வித்தியாசமானவர். பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எங்கள் சனங்கள் வெள்ளை உடுத்திப் போகும் நாட்களில், என் மகன் வராததைப் பற்றிக் கேட்கவே மாட்டார். மறு வாரம், பண்டிகையில் என்ன பார்த்தாய் என்று எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் அவனைச் சொல்ல வைப்பார். அவருடைய விசுவாசம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர் தம் கடவுளைப் பற்றிப் பேசும்போது நானே நின்று கேட்டிருக்கிறேன். நான் மாறப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் மத போதனையில் ஒரு சிறுவரைச் சேர்க்க வேண்டுமானால் பாதுகாவலரின் இசைவு வேண்டும் என்கிறது. உங்கள் திண்ணை பள்ளிக்கூடம் அல்ல என்பதால் அந்தப் பிரிவு நேரடியாக உங்களைக் கட்டாது. பள்ளிக்கூடத்துக்கே அந்த வரம்பு என்றால், அண்டை வீட்டார் அதைத் தாமாகவே கடைப்பிடிப்பது முறை என்று நான் நினைக்கிறேன். வீடு வீடாகப் போங்கள். அம்மாவிடம் மட்டுமல்ல, அப்பாவிடமும், வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டியிடமும் சொல்லுங்கள். உங்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது என்றால் சந்தோஷம். என் பிள்ளையின் மாலைப்பொழுது அதற்கு உதவியாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. என் பிள்ளை எதை நம்ப வேண்டும் என்ற முடிவு மட்டும் அந்தத் திண்ணையில் எடுக்கப்படக் கூடாது.

---

பந்தலூர் மழை எழுதியது:

மேலே பேசப்பட்டவை மனம் சார்ந்தவை. நான் கூடலூர்–பந்தலூர் பகுதியில் பிள்ளைகளுக்கான சமூகப்பணியில் இருப்பவன். யாரும் எழுதாத சில நடைமுறைகளை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல உள்ளத்தோடு தொடங்கப்பட்ட கூடுகைகள் பெரும்பாலும் இவற்றில்தான் இடறுகின்றன.

நீங்கள் தனியாளாகப் பிள்ளைகளோடு ஒரு அறைக்குள் இருக்கக் கூடாது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியாவது திண்ணையில் இருக்கட்டும், அல்லது ஒரு பிள்ளையின் தாயார் முறைவைத்து வந்து இருக்கட்டும். இது உங்கள் மேல் சந்தேகம் அல்ல. பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சேர்த்தே பாதுகாப்பு. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பற்றி உங்களிடம் சொன்னால், அதை ஜெபக் குறிப்பாகவோ குடும்ப விஷயமாகவோ ஒதுக்கிவிட உங்களுக்கு உரிமையில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் அதைக் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவதே குற்றம். 1098 என்ற சிறார் உதவி எண்ணைத் திண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள், பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

படம் எடுத்து முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடாதீர்கள். தேநீரும் வர்க்கியும் அண்டை வீட்டு உபசாரம். அதற்கு மேல் பரிசுப் பொருட்கள் கொடுக்கத் தொடங்கினால், பிள்ளைகள் எதற்காக வருகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியாமல் போய்விடும், பெற்றோருக்கும் ஐயம் பிறக்கும். வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எங்கள் பக்கம் யானை, உங்கள் பக்கம் கரடியும் காட்டெருமையும். பனிமூட்டம் இறங்கிய பிறகு தேயிலைக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகளை அனுப்புவதை எந்த ஜெபமும் ஈடுசெய்யாது.

இன்னொன்று, எங்கள் அனுபவத்திலிருந்து: பணியர் பழங்குடிப் பிள்ளைகள் வரும் கூட்டங்களில், தமிழில் பாட்டும் கேள்வியும் வேகமாக ஓடும்போது அவர்கள் பின்வரிசையில் ஒதுங்கிவிடுகிறார்கள். கேட்ட கதையை அவர்கள் மொழியிலேயே திரும்பச் சொல்லச் சொன்னால், மற்ற பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். உங்கள் பக்கம் இருளர், குறும்பர், கோத்தர் பிள்ளைகள் வந்தாலும் இது பொருந்தும்.

---

கோத்தகிரிச் சரிவு எழுதியது:

நால்வருக்கும் மிக்க நன்றி. பெரியம்மாவிடம் பேசினேன். முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை கணக்கும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கதையும் என் பொறுப்பு. மற்ற வாரங்களில் அவர் நாற்காலியில் இருந்தபடியே கதை சொல்வார். நானும் அவரும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வருகிறோம். ஒரு வீட்டில், பாடம் வேண்டும், கதை வேண்டாம் என்றார்கள். அந்தப் பிள்ளை கதை முடிந்த பிறகு வருவதாக ஏற்பாடு. ஏலியின் பகுதியை வாசித்தேன். ஏலி தன் முறைக்காகவும் ஏன் காத்திருக்கவில்லை என்ற கேள்வி எழுந்து, அதோடு வேறு அதிகாரங்களுக்கும் போய்விட்டேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, யாரும் சொல்லாமல் நானாக வேதாகமத்தைத் திறந்திருக்கிறேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கதை சொல்வது எனக்கு இப்போது சாத்தியமாகத் தோன்றுகிறது. கூடுகையின் முடிவில் ஜெபத்தை நடத்துவதுதான் தொண்டையை அடைக்கிறது. நம்பாமல் ஜெபிப்பது, நம்பாமல் கதை சொல்வதைப் போன்றதல்லவே?

---

சிம்ஸ் பூங்கா ஆசிரியை எழுதியது:

அல்லதான், தம்பி. கதையில் நீங்கள் பிள்ளைகளிடம் பேசுகிறீர்கள். ஜெபத்தில் அவர்கள் முன்னிலையில் இன்னொருவரிடம் பேசுகிறீர்கள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடு கதறியவர், நோயுற்ற ஒரு பிள்ளையின் தகப்பன். அந்த ஜெபம் அங்கீகரிக்கப்பட்டது, பிள்ளையும் குணமானான். அதைத் தனியே நீங்கள் சொல்லிப் பார்க்கலாம். பிள்ளைகள் முன் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கூடுகையில் ஜெபத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். விருப்பமுள்ள பிள்ளை ஒரு வரி சொல்லட்டும். விருப்பமில்லாத பிள்ளை கண் திறந்து சும்மா உட்கார்ந்திருக்கட்டும், அதை யாரும் குறையாகப் பேசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலைக்கு விலை கூட வேண்டும், ஆயாவுக்கு இருமல் நிற்க வேண்டும், தொலைந்த கோழி திரும்ப வேண்டும் என்றெல்லாம் வரும். பெரியம்மா 'ஆமென்' சொல்லி முடிப்பார். நீங்கள் செய்ய வேண்டியது, என்ன வேண்டினார்கள் என்பதை நினைவில் வைத்து, அடுத்த வாரம் ஆயாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அப்பா குடிக்கக் கூடாது, அம்மாவை அடிக்கக் கூடாது என்ற வேண்டுதல் தோட்டத்தில் வராமல் இருக்காது. அது வந்த அன்று எல்லார் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையை மேலும் பேச வைக்காதீர்கள். பெரியம்மாவும் உடனிருக்க, பிறகு தனியே மெதுவாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கும் அடி விழுகிறது என்று தெரிந்தால், பந்தலூர்த் தம்பி எழுதிய அந்த எண்ணை அன்றைக்கே அழையுங்கள்.